சுற்றுவழிக்குச் சுங்கம் இல்லை

1955இல் மத்திய அரசு ஏ. ராமசாமி முதலியார் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே உள்ள ஆழமற்ற கடலில் கப்பல் போவதற்கான சேதுசமுத்திரக் கால்வாய் தேவையா, வெட்டினால் கட்டுப்படியாகுமா என்று ஆராய்வது அதன் வேலை. கால்வாயும் தூத்துக்குடியில் அமையவேண்டிய ஆழ்கடல் துறைமுகமும் ஒன்றோடொன்று பிணைந்தவை, இரண்டையும் ஒரே திட்டமாக நிறைவேற்றவேண்டும் என்று அந்தக் குழு சொன்னது. அதன்பின் இரண்டும் வெவ்வேறு வழியில் போயின. துறைமுக வேலை 1964இல் தொடங்கி, 1974 ஜூலையில் தூத்துக்குடி நாட்டின் பத்தாவது பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. கால்வாய்க்கு 2005 ஜூலை 2 அன்றுதான் மதுரையில் தொடக்கவிழா நடந்தது. இரண்டே ஆண்டுகளில் ஆதாம் பாலப் பகுதியில் தூர்வாருவது நின்றது, 2009இல் மற்ற இடங்களிலும் நின்றது. அது ராமர் பாலம் என்ற நம்பிக்கையும் அதைச் சுற்றிய அரசியலும் நீதிமன்ற வழக்குமே காரணம் என்பது எல்லோரும் சொல்லும் விடை. வேலை நின்றதற்கு அது சரியான விடைதான். ஆனால் வழக்கே இல்லாமல் கால்வாய் வெட்டி முடிக்கப்பட்டிருந்தால் கப்பல்கள் வந்திருக்குமா என்ற கேள்விக்கு அதில் விடை இல்லை. ஒரே குழு சேர்த்துக் கட்டிய இரு திட்டங்களின் கணக்கும் அடிப்படையிலேயே வேறு வகை என்பது என் வாதம்.

துறைமுகத்தின் கணக்கை முதலில் பார்க்கலாம். தூத்துக்குடிக் கரையோரம் கடல் ஆழமற்றது. நீராவிக் கப்பல்கள் வந்த காலத்தில் அவை கரையிலிருந்து பல மைல் தள்ளி நங்கூரமிட்டு நிற்கும். பருத்தி, உப்பு, கருவாடு என்று எதுவானாலும் கரையில் தோணியில் ஏற்றி, கப்பலடியில் கொண்டுபோய் மறுபடி தூக்கி ஏற்றவேண்டும். இறக்குமதிச் சரக்குக்கும் இதே பாடு, திசை மட்டும் தலைகீழ். 1876இல் சென்னையிலிருந்து ரயில் வந்துசேர்ந்த பிறகும், 1906இல் வ.உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவுசெய்து கொழும்புக்குக் கப்பல் விட்டபோதும், இந்த இரட்டைக் கையாளல் மாறவில்லை. கடல் கொந்தளித்தால் தோணி போகாது. தோணி போகாவிட்டால் கப்பல் காத்திருக்கும், காத்திருந்த நாளுக்கும் காசு. சேதாரம், திருட்டு, நனைந்த மூட்டை எல்லாம் இதற்கு மேல். இந்தச் செலவைக் கண்டுபிடிக்க நிபுணர் குழு தேவையில்லை. ஊரின் ஒவ்வொரு கமிஷன் மண்டிப் பேரேட்டிலும் அது ஒரு வரியாக இருந்தது. கரையிலிருந்து கடலுக்குள் இரண்டு அலைதடுப்புச் சுவர்களை ஏறக்குறைய நான்கு கிலோமீட்டர் நீளத்துக்குப் போட்டு, நடுவில் அமைதியான ஆழ நீரை உண்டாக்கினால் அந்த வரி அப்படியே நீங்கும். பயன் யாருக்கு, எவ்வளவு, எந்த நாளிலிருந்து என்பதில் சந்தேகம் இல்லை. அந்தச் சரக்குக்குப் பக்கத்தில் வேறு போக்கிடமும் இல்லை.

கால்வாய்க் கனவு இதைவிட மூத்தது. 1860இல் இந்தியக் கடற்படை அதிகாரி ஏ.டி. டெய்லர் முதல் யோசனையைத் தந்தார். அப்போது சூயஸ் திறக்கப்படவில்லை. அதிலிருந்து 1922 வரை ஒன்பது திட்டங்கள் வரையப்பட்டன. பெயர்பெற்ற துறைமுகப் பொறியாளர் ஜான் கூட் ஒன்று வரைந்தார், தென்னிந்திய ரயில்வே ஒன்று வரைந்தது, கடைசியாக ராபர்ட் பிரிஸ்டோ ஒன்று வரைந்தார். ஒன்றுக்கும் பணம் போட ஆள் வரவில்லை. காலனி அரசின் கஞ்சத்தனம் என்று இதை ஒதுக்கிவிடலாமா? அதே அரசு பாம்பனில் கடலுக்குக் குறுக்கே ரயில்பாலம் கட்டி 1914இல் திறந்தது. அதே பிரிஸ்டோ கொச்சியில் முகத்துவாரத்தை அடைத்துக்கிடந்த மணல்திட்டை வெட்டி, 1928இல் பெரிய கப்பலை உள்ளே கொண்டுவந்தார். கொச்சியிலும் காயலோரத்தில் சரக்கு காத்திருந்தது, கப்பல் வெளிக்கடலில் காத்திருந்தது, நடுவில் மணல் இருந்தது. நீக்கவேண்டிய தடை ஒன்றே, அதற்கு மாற்றுவழியும் இல்லை. பாக் நீரிணையில் தடை இருக்கிறது, ஆனால் அதற்கு மாற்றும் இருக்கிறது: இலங்கையைச் சுற்றிப் போகும் ஆழ்கடல். அங்கே பைலட் வேண்டாம், வரிசையில் நிற்கவேண்டாம், சுங்கமும் கிடையாது. கால்வாயின் போட்டியாளர் அந்தத் திறந்த கடல்தான். அதை விலையில் வெல்ல முடியாது. நேரத்தில் மட்டுமே வெல்லலாம்.

எனவே கணக்கு முழுவதும் மிச்சமாகும் நேரத்தின்மேல் நிற்கிறது. 2005 திட்டப்படி வழித்தடத்தின் நீளம் 167 கிலோமீட்டர், அகலம் 300 மீட்டர், ஆழம் 12 மீட்டர். 10 மீட்டர் மிதவை ஆழம் உள்ள கப்பல் போகலாம். அள்ளவேண்டிய மண் 8.25 கோடி கன மீட்டர். செலவு 2,427 கோடி ரூபாய். அதில் 971 கோடி மூலதனம், மீதி கடன். பயனாகச் சொல்லப்பட்டது அதிகபட்சம் 424 கடல் மைலும் 30 மணி நேரமும் மிச்சம் என்பது. 'அதிகபட்சம்' மேடைகளில் உதிர்ந்துபோய், 424ம் 30ம் மட்டும் எஞ்சின. மணிக்கு 14 கடல் மைல் போகும் கப்பலுக்கு 424 மைல் என்பது ஏறக்குறைய 30 மணி. ஆனால் கால்வாய்க்குள் அந்த வேகத்தில் யாரும் போகமுடியாது. 167 கிலோமீட்டர் ஏறக்குறைய 90 கடல் மைல். அதை 8 கடல் மைல் வேகத்தில் கடந்தால் 11 மணிக்கு மேல் ஆகும். திறந்த கடலில் அதே தூரம் ஆறரை மணி. ஐந்து மணி அங்கேயே போய்விட்டது. பைலட் ஏறி இறங்க இரண்டு மணி வைத்தால், மிகச் சாதகமான கப்பலுக்கே மிச்சம் 23 மணிதான். இதுவும் குறைவல்ல. தூத்துக்குடியில் கிளம்பிச் சென்னைக்குப் போகும் கப்பலுக்கு இது கிட்டத்தட்ட ஒரு நாள் எரிபொருள்.

எல்லாக் கப்பலும் தூத்துக்குடியில் கிளம்புவதில்லை என்பதுதான் சிக்கல். ஏடனிலிருந்து கொல்கத்தாவுக்கு வரும் கப்பல் முதலிலிருந்தே இலங்கையின் தென்முனைக்குக் குறிவைத்துக் கோணமாக வருகிறது. அதற்குச் சுற்றுவழி பெரிய சுற்றே அல்ல. கால்வாய்க்காக மன்னார் வளைகுடாவுக்குள் ஏறிவருவதுதான் திருப்பம். அப்படிப்பட்ட கப்பலுக்கு, ஒரு பேச்சுக்கு, 200 மைல் மிச்சம் என்று வையுங்கள். 14 மணியில் கால்வாய் ஏழு மணியைத் தின்றுவிட, எஞ்சுவது ஏழு. அந்த ஏழு மணியின் எரிபொருள் விலைக்குள் சுங்கம் அடங்கவேண்டும். அடங்கியபின் கப்பல்காரருக்கும் ஏதாவது மீதி இருக்கவேண்டும், இல்லாவிட்டால் அவர் ஏன் குறுகிய தடத்தில் தரைதட்டும் அபாயத்தை ஏற்கப்போகிறார்? சுங்கத்தைக் குறைத்தால் கப்பல் வரும், கடன் அடையாது. கூட்டினால் கடன் அடையவேண்டிய கணக்கு தாளில் இருக்கும், கப்பல் வராது. 2007இல் ஜேக்கப் ஜான் 'எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி' இதழில் திட்ட அறிக்கையின் எண்களையே எடுத்துப் பிரித்துப்போட்டுக் காட்டியதன் சாரம் இதுதான். கரையோரக் கப்பலுக்குக் கிடைக்கும் மிச்சத்தை வெளிநாட்டிலிருந்து வரும் கப்பலுக்கும் பொருத்திச் சுங்கம் நிர்ணயித்தால் அந்தக் கப்பல்களுக்கு நஷ்டமே மிஞ்சும் என்றார் அவர். அன்றைய கூச்சலில், ராமரைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லாத அந்த விமரிசனம் யார் காதிலும் ஏறவில்லை.

சூயஸையும் பார்த்து இப்படித்தான் நகைத்தார்கள் என்பார்கள். உண்மை. பிரிட்டிஷ் பிரதமர் பாமர்ஸ்டன் எதிர்த்தார், ராபர்ட் ஸ்டீபன்சன் போன்ற பொறியாளர் இது தேறாது என்றார். திறந்த மறு ஆண்டான 1870இல் 486 கப்பல்கள்தான் கடந்தன. ஆனாலும் சூயஸ் வென்றது. எதனால்? லண்டனிலிருந்து மும்பைக்கு நன்னம்பிக்கை முனை வழியில் பத்தாயிரம் கடல் மைலுக்கு மேல்; சூயஸ் அதில் நாலாயிரத்துக்கு மேல் வெட்டியது. பனாமா, நியூயார்க்குக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் இடையே எட்டாயிரம் மைல் அளவுக்கு வெட்டியது. வாரக்கணக்கில் மிச்சமாகும்போது கால்வாய்க்குள் ஐந்து மணி தாமதம் யாருக்கும் பொருட்டல்ல, எந்தச் சுங்கமும் அதில் கரைந்துவிடும். 424 மைலில் அந்த விசாலம் இல்லை. இரண்டும் கால்வாய் என்பதாலேயே இரண்டையும் ஒரே தராசில் வைக்கமுடியாது. சூயஸின் கதையில் நமக்கான பாடம் வேறு ஒன்று: 8 மீட்டர் ஆழத்தில் தொடங்கியதை ஆழப்படுத்தி ஆழப்படுத்தி இன்று 24 மீட்டருக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். கப்பல் பெருத்துக்கொண்டே போகும். 2005இல் நாம் 10 மீட்டர் மிதவை ஆழத்துக்குத் திட்டம் போட்டபோது பழைய பனாமா கால்வாயே 12 மீட்டருக்கு இடம்கொடுத்துக்கொண்டிருந்தது. அடுத்த ஆண்டே 15 மீட்டரைத் தாண்டிய மிதவை ஆழத்தோடு எம்மா மேர்ஸ்க் என்ற கொள்கலன் கப்பல் கடலில் இறங்கியது. 2013இல் கொழும்பு தன் புதிய முனையத்தை 18 மீட்டர் ஆழத்தில் திறந்தது. நம் தடம் வெட்டிமுடியும் முன்பே சிறுத்துப்போயிருந்தது.

செலவுப் பக்கமும் நிம்மதியாக இல்லை. பாக் நீரிணையில் மணல் நகர்ந்துகொண்டே இருக்கும். ஒருமுறை தூர்வாரினால் முடிவதில்லை. 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடியையே விழுங்கிய கடல் அது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா. மீனவர் இழக்கக்கூடிய மீன்பாட்டைப் பற்றிய பேச்சு சுற்றுச்சூழல் அறிக்கைக்குள் நின்றுவிடுகிறது, வரவுசெலவுப் பக்கத்துக்கு ரூபாயாக வந்துசேர்வதில்லை. இது நமக்கு மட்டும் உள்ள நோயல்ல. பயன், அது யாருக்குப் போனாலும் சரி, செலவை விஞ்சவேண்டும் என்று வெள்ளத்தடுப்பு வேலைகளுக்கு 1936லேயே சட்டமெழுதிய நாடு அமெரிக்கா. துறைமுகக் கால்வாய்களுக்கும் அங்கே அந்தக் கணக்குத்தான். அங்கேயே டெலவேர் ஆற்றுத் தடத்தை 40 அடியிலிருந்து 45 அடியாக்கும் திட்டத்துக்கு ராணுவப் பொறியாளர் படை ஆண்டுக்கு 4 கோடி டாலர் பயன் என்று எழுதியது. 2002இல் நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் துருவிப்பார்த்து, ஆதாரம் உள்ளது 1.33 கோடிக்குத்தான் என்றது. பயனில் பெரும்பங்கு ஆற்றங்கரை எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளுக்குப் போகும் கச்சா எண்ணெயை நம்பியிருந்தது. தடம் ஆழமாகி முடிவதற்குள் அவற்றில் சில மூடப்பட்டன. தடம் பல பத்தாண்டு நிற்கும், அதை நியாயப்படுத்திய சரக்கு அத்தனை நாள் நிற்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

இன்னும் வலுவான மறுப்பு ஒன்று உண்டு. இப்படி நோட்டும் பென்சிலுமாக உட்கார்ந்திருந்தால் தூத்துக்குடித் துறைமுகமும் வந்திருக்காதே, அது வந்தபிறகல்லவா ஸ்பிக் உரஆலையும் அனல்மின் நிலையமும் கொள்கலன் முனையமும் எழுந்தன? வளர்ச்சி முன்கூட்டிக் கணக்கில் வருவதில்லை என்ற இந்த வாதத்தில் பாதி உண்மை இருக்கிறது. துறைமுகம் தன்னைச் சுற்றித் தொழிலை உண்டாக்கும். சரக்கு அங்கே இறங்குகிறது, லாரி நிற்கிறது, கிடங்கு தேவைப்படுகிறது, கூலி கிடைக்கிறது. கால்வாயில் கப்பல் கடந்துபோகிறது, அவ்வளவுதான். ராமநாதபுரத்துக்கு அதனால் வரும் தொழில் எது என்று கேட்டால், வழியில் சிறு துறைமுகங்கள் எழும் என்பார்கள். அப்படியானால் எழும் துறைமுகத்தின் கணக்கைத் தனியே காட்டுங்கள் என்பதே பதில். பாதுகாப்புக் காரணத்துக்கும் இது பொருந்தும். கடற்படையும் கடலோரக் காவல்படையும் இந்தியக் கடலெல்லைக்குள்ளேயே கிழக்கும் மேற்கும் போய்வரவேண்டுமென்றால் அது நியாயமான தேவை. அதற்குப் பாதுகாப்பு வரவுசெலவிலிருந்து பணம் ஒதுக்கலாம். வங்கிக் கடன் வாங்கி, வணிகக் கப்பலின் சுங்கத்தில் அடைப்பதாகச் சொன்னதுதான் கோளாறு.

பழைய கணக்கில் உண்மையான பயனாளி ஒருவர் இருந்தார், அவரைப் பற்றித்தான் மேடைகளில் குறைவாகப் பேசினார்கள். ஒடிசாவின் தால்ச்சர் சுரங்க நிலக்கரி பாரதீப்பில் கப்பலேறித் தூத்துக்குடி அனல்மின் நிலையத்துக்கு வருகிறது. மின்நிலையங்களுக்கு நிலக்கரி கொண்டுவருவதற்காகவே தமிழக அரசு 1974இல் பூம்புகார்க் கப்பல் கழகத்தைத் தொடங்கியது. வங்கக் கடலில் கிளம்பி இலங்கையை முழுதாகச் சுற்றி வரும் இந்த நிலக்கரிக் கப்பலுக்குத்தான் கால்வாய் நேரடி லாபம். மிச்சமாகும் காசும் மின்கட்டணமாகத் தமிழ்நாட்டுக்குள்ளேயே சுற்றும். ஆனால் இந்த வேலைக்கு இன்று வாடகைக்கு எடுக்கும் கப்பல்கள் பெரும்பாலும் 50,000 டன்னுக்கு மேற்பட்டவை, 10 மீட்டர் மிதவை ஆழத்துக்கான தடத்தில் முழுச்சுமையோடு போகமுடியாதவை. 2023 ஜனவரியில் தமிழகச் சட்டமன்றம் திட்டத்தைத் தொடரக்கோரித் தீர்மானம் நிறைவேற்றியது. மத்திய அரசோ ஆதாம் பாலத்தை வெட்டாமல் வேறு தடம் தேடுவதாக 2018லேயே உச்சநீதிமன்றத்தில் சொல்லிவிட்டது. எந்தத் தடமானாலும் புதிதாக ஒரு கணக்கு எழுதவேண்டிவரும். அதன் முதல் பக்கத்தில், 1979இல் முதல் அலகு ஓடத்தொடங்கிய அந்த மின்நிலையம் இன்னும் எத்தனை ஆண்டு நிலக்கரி எரிக்கும், எந்த அளவுக் கப்பலில் அதை வரவழைக்கும் என்ற இரண்டு எண்கள் இருக்கவேண்டும்.