எண்ணும் ஏக்கமும்

பத்து காஜாவுக்கு அண்மையில் முற்றுப்பெறாத மாளிகை ஒன்று நிற்பதை நம் வாசகர்களிற் பலர் கண்டிருப்பர். ஸ்காட்லாந்து தேசத்தவரான வில்லியம் கெல்லி ஸ்மித் என்னும் தோட்டத்துரை எழுப்பியது அது. அவருக்கு 1904இல் ஒரு பெண்மகவு பிறந்தது. பின் பதினோராண்டு வேறு மகவில்லை. 1915இல் ஆண்மகவு பிறக்கவே, அம்மகிழ்ச்சியால் இப்பெருமனைக்குக் கால்கோள் செய்தார் என்பர். 1926இல் துரை லிஸ்பன் நகரில் இறந்தார். மாளிகை அரைகுறையாய் நின்றுவிட்டது. அதற்கு உழைத்த தமிழ்த் தொழிலாளர், கொள்ளைநோயில் தம்மவரை இழந்தபின் எழுப்பிய மாரியம்மன் கோயிலும் அருகிலேயே இருக்கிறது.

பிள்ளை பிறந்ததற்கு மாளிகை கட்டத் துரையால் முடிந்தது. பிள்ளை பிறவாத பெண்ணுக்கு லயத்தில் கிடைத்தது யாது? மலடி என்னும் வசை. மரத்திலே தொட்டில் கட்டச் சொன்னார்கள். குறி கேட்கச் சொன்னார்கள். தாயத்துக்குப் பணம் பறித்தார்கள். ஒன்றும் பலிக்காவிடில் கணவனுக்கு மறுமணம் பேசினார்கள். குறை ஆணிடத்தும் இருக்கலாமே என்று கேட்டவர் மிகச் சிலர். பிள்ளையில்லாத் தம்பதிகளில் ஏறக்குறையப் பாதிப் பேரிடத்தில் ஆணின் பங்கும் உண்டென்பது இன்று மருத்துவம் கண்ட உண்மை.

தோட்டங்கள் துண்டாடப்பட்டன, நம் மக்கள் நகரங்களுக்குக் குடிபெயர்ந்தனர். குறி கேட்ட பாட்டியின் பேத்தி இன்று ஈப்போவிலோ கோலாலம்பூரிலோ வைத்தியம் பெறுகிறாள். வெளியே உருவாக்கிய கருவைக் கருப்பையில் வைத்தபின், ஏறத்தாழ இரு வாரங்கழித்து அவள் இரத்தத்தைப் பரீட்சிக்கின்றனர். தாளில் ஓர் எண் வருகிறது. "அவளுக்கு 300 வந்ததாம், எனக்கு 80 தானே" என்று அவள் உறக்கமின்றித் தவிக்கிறாள். இவ்வெண்ணை யார், எதன்பொருட்டுக் கண்டனர் என்னும் வரலாற்றை அறிந்தால் அத்தவிப்பில் ஒரு பங்கேனும் குறையும்.

கருவுற்றமையை அறியும் ஆவல் பழமையானது. பண்டை எகிப்தியர் கோதுமையிலும் வாற்கோதுமையிலும் பெண்ணின் சிறுநீரை ஊற்றி, அவை முளைக்கின்றனவா என்று பார்த்தனர். 1920களின் இறுதியில் பெர்லின் நகரில் அஷ்ஹைம், சோண்டெக் என்னும் இருவர் பெண்ணின் சிறுநீரைச் சுண்டெலிக்குள் செலுத்தி, அதன் சினைப்பையில் நேரும் மாறுதலைக் கண்டு கர்ப்பத்தை அறிந்தனர். பின்னர் ஆப்பிரிக்கத் தவளையும் இப்பணிக்கு வந்தது. இவையெல்லாம் "உண்டு", "இல்லை" என்ற அளவோடு நின்றன. அமெரிக்காவில் ரோசலின் யாலோ அம்மையாரும் பெர்சனும், இரத்தத்திலுள்ள மிக நுண்ணிய ஹார்மோனையும் அளக்கும் முறையை 1950களின் இறுதியில் வகுத்தனர். அதற்காக அம்மையார் 1977இல் நோபெல் பரிசு பெற்றார். அம்முறையைக் கொண்டு, கரு சுரக்கும் எச்.சி.ஜி. என்னும் ஹார்மோனைத் தனியே பிரித்தளக்கும் பரீட்சை 1972இல் வந்தது. நம் சகோதரியை வாட்டும் எண்ணின் வயது இவ்வளவே!

மருந்தின் கதையோ இன்னும் வியப்புடையது. சினைமுட்டையை வளர்க்கும் ஹார்மோன், மாதவிடாய் நின்ற மூதாட்டியரின் சிறுநீரில் மிகுந்திருக்கக் கண்டு, இத்தாலியில் துறவு பூண்ட முதிய கன்னியரிடமிருந்து அதைச் சேகரித்தனர். அம்மருந்தால் 1962இல் இஸ்ரேலில் முதற் குழந்தை பிறந்தது. மகப்பேற்றைத் துறந்தவர்களின் உதவியால் மற்றவர்கள் மகப்பேறு பெற்றனர்! எது சுத்தம், எது அசுத்தம் என்று வாதிடுவோர் இதனைச் சற்றே எண்ணிப் பார்ப்பார்களாக.

இவ்வகை மருந்தையே கல்கத்தாவில் கையாண்டவர் டாக்டர் சுபாஷ் முகர்ஜி. 1931இல் பிறந்த இவர், எடின்பரோவில் ஹார்மோன்களை அளக்கும் துறையில் ஆராய்ந்து 1967இல் பட்டம் பெற்றவர். மருந்தின் வேகத்தால் ஹார்மோன் அளவுகள் மாறியிருக்கும் மாதத்தில் கருப்பை கருவை ஏற்கும் பக்குவத்தில் இராது என்பது அவர் கருத்து. ஆகவே கருவை 53 நாள் உறையவைத்து, உடல் இயல்புநிலைக்கு மீண்டபின் வேறொரு மாதத்தில் கருப்பையில் வைத்தார். 1978 அக்டோபர் 3ஆம் நாள் பெண்மகவு பிறந்தது; துர்கா என்னும் பெயரால் அதனை உலகறியும். இங்கிலாந்தில் முதற் சோதனைக்குழாய்க் குழந்தை பிறந்து அப்போது 70 நாட்களே ஆகியிருந்தன.

நாடு அவரைப் போற்றியதா? இல்லை. மேற்கு வங்க அரசு ஒரு விசாரணைக் குழுவை அமைத்தது. அத்துறையில் தேர்ச்சி பெற்றவர் எவரும் அக்குழுவில் இல்லை என்பது பின்னாளில் எழுந்த கண்டனம். அவர் கூற்று நம்பத்தக்கதன்று என அது தள்ளியது. ஜப்பானுக்குச் சென்று தம் ஆராய்ச்சியை எடுத்துரைக்கவும் அவருக்கு அனுமதி கிட்டவில்லை. இறுதியில் கண்மருத்துவ நிலையம் ஒன்றுக்கு மாற்றப்பட்டார். 1981 ஜூன் 19ஆம் நாள் அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக் கொண்டார்.

1983இல் சிங்கப்பூரில், இலங்கைத் தமிழரான பேராசிரியர் எஸ்.எஸ். ரத்தினம் தலைமையில் பிறந்த குழந்தையை ஆசியாவின் முதற் சோதனைக்குழாய்க் குழந்தை என்று கொண்டாடினர்; துர்காவை நினைத்தவர் அரியர். 1986இல் இந்தியாவின் முதல்வர் என்னும் புகழ் பம்பாயில் டாக்டர் ஆனந்தகுமார் குழுவினருக்குக் கிடைத்தது. அவரோ முகர்ஜியின் குறிப்பேடுகளைப் படித்து, "முதன்மை என்னுடையதன்று, அவருடையதே" என்னும் கருத்தை 1997இல் எழுதி வெளியிட்டார். தமக்குக் கிடைத்த புகழைத் தாமே உரியவரிடம் ஒப்படைத்த இச்செயலன்றோ அறிவு நாணயம்! உறைந்த கருவை வேறொரு மாதத்தில் வைக்கும் முறை இன்று உலகெங்கும் வழக்கமாகிவிட்டது.

இவ்வரலாறு நமக்குக் கூறுவது யாது? அளவுகள் முக்கியமானவை, ஆனால் அவற்றைப் படிக்கத் தெரிந்தவரே படிக்க வேண்டும். எச்.சி.ஜி. அளவு ஆளுக்கு ஆள் பெரிதும் வேறுபடும். ஒரு நாள் எண்ணைவிட, ஆரம்ப நாட்களில் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை அது ஏறக்குறைய இரட்டிக்கிறதா என்பதே கவனிக்கத்தக்கது. முட்டை முதிர எச்.சி.ஜி. ஊசி போட்டிருப்பின், அதன் மிச்சம் சில நாள் இரத்தத்தில் தங்கிப் பொய்நம்பிக்கை ஊட்டும்; ஆகவே குறித்த நாளுக்கு முன் பரீட்சித்தல் வீண். கருப்பையைப் பக்குவப்படுத்தும் புரோஜெஸ்டிரோனைப் பெண்குறி வழியே வைக்கும்போது, இரத்தத்தில் அளவு குறைந்து தோன்றினும் கருப்பையில் அது போதிய அளவு இருக்கக்கூடும். எனவே மருந்தைத் தாமாக நிறுத்துதலோ கூட்டுதலோ கூடாது. இரத்தப்போக்கோ கடும் வலியோ கண்டால் உடனே வைத்தியரிடம் செல்ல வேண்டும்.

அறியாதார் கூடி அளித்த தீர்ப்பு கல்கத்தாவில் ஓர் அறிஞரை வீழ்த்தியது. அறியாத மாமியாரும் அண்டை வீட்டாரும் நாள்தோறும் நம் பெண்கள்மீது அவ்வாறே தீர்ப்பளிக்கின்றனர். 80 என்னும் எண்ணைக் கண்டு அவள் நடுங்குவது அவர்களை எண்ணியே. எண் தவறினும் அவள் நம் மகளே, நம் மருமகளே என்று வீட்டார் முன்னதாகவே சொல்லிவிடட்டும். கணவனும் தன் பரீட்சையைத் தயங்காது செய்துகொண்டு, அந்தத் தாள் வரும் நாளில் அவளருகே அமரட்டும். குறிசொல்லியை வாசலோடு அனுப்பிவிட்ட நாம், ஓர் எண்ணை அவ்விடத்தில் அமர்த்தி வணங்க வேண்டியதில்லை.