வயசு மட்டுமே காரணமில்லை



என் பெரியம்மா கடைசிக் காலத்தில் கால் தரையில் ஒட்டிக்கொண்ட மாதிரி நடந்தார். பாத்ரூம் போவதற்குள் சிறுநீர் பிரிந்துவிடும். மறதியும் சேர்ந்தது. "வயசாயிடுச்சு" என்று விட்டுவிட்டோம். பிறகு படித்த ஒரு வரலாறு இன்றும் உறுத்துகிறது.

1957. கொலம்பியாவின் போகோடா நகரம். கார் விபத்தில் தலையில் அடிபட்ட 16 வயதுப் பையன், ஆபரேஷனுக்குப் பிறகும் தெளியவில்லை. மூளைக்குள் இருக்கும் நீரறைகள் விரிந்திருந்தன. நீரின் அழுத்தமோ சரியாகவே இருந்தது. டாக்டர் சலமோன் ஹக்கீம் பரிசோதனைக்காக முதுகுத்தண்டிலிருந்து 15 மில்லி நீர் எடுத்தார். பையன் தெளிந்து பேசத் தொடங்கினான்!

அழுத்தம் சரியாக இருந்தும் ஏன் பாதிப்பு? நான் நடத்திய பாடம் நினைவிருக்கிறதா? அழுத்தத்தைப் பரப்பால் பெருக்கினால் விசை. அறை விரிந்துவிட்டால் அதே அழுத்தம் மூளையை அதிக விசையோடு நெருக்கும். இதுதான் ஹக்கீம் தந்த விளக்கம். முதியவர்களிடமும் இதே நிலையைக் கண்டு, ரேமண்ட் ஆடம்ஸ் முதலியோருடன் 1965இல் கட்டுரை வெளியிட்டார்.

அடையாளங்கள் மூன்று: நடை தடுமாறுவது, சிறுநீரை அடக்க முடியாதது, மறதி. பெரும்பாலும் நடைதான் முதலில் கெடும். ஸ்கேன் பார்த்து, முதுகிலிருந்து கொஞ்சம் நீர் எடுத்து, நடை தேறுகிறதா என்று பார்ப்பார்கள். தேறினால் மெல்லிய குழாய் வைத்து, மூளை நீரை வயிற்றுக்குள் வடியவிடுவார்கள். எல்லாருக்கும் பலிக்காது, சீக்கிரம் கண்டால் வாய்ப்பு அதிகம்.

பெரியம்மாவை நாங்கள் யாரிடமும் காட்டவில்லை. உங்கள் வீட்டுப் பெரியவர்களின் நடையைக் கவனியுங்கள். மாறினால் நரம்பியல் டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.