ஒரு நாளின் மழை: யட்டியாந்தோட்டையில் டிசம்பரும் மே மாதமும்

1. பொருளும் எல்லையும்

யட்டியாந்தோட்டைக்கு உறைபனி தெரியாது. களனி கங்கை மலையை விட்டிறங்கி அவிசாவளையை நோக்கி ஓடும் பள்ளத்தாக்கில், இறப்பரும் தேயிலையும் கலந்து நிற்கும் சரிவுகளுக்கிடையே இவ்வூர் இருக்கிறது. வளிமண்டலவியல் திணைக்களம் இலங்கையின் ஆண்டை நான்கு பருவங்களாகப் பிரிக்கிறது. மார்ச்சும் ஏப்ரலும் முதல் இடைப்பருவம். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவம். ஒக்டோபரும் நவம்பரும் இரண்டாம் இடைப்பருவம். டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவம். கேகாலை மாவட்டத் தோட்டங்களுக்குக் குளிர்காலம் என்று ஒன்று உண்டென்றால் அது இந்தக் கடைசிப் பருவம்தான். விடியற்காலையில் ஆற்றோரம் மூட்டம் படிந்திருக்கும். பருவம் முடியும் தறுவாயில் இறப்பர் மரங்கள் இலையுதிர்த்து மொட்டையாக நிற்கும்.

ஒரு தேதியை எடுத்து, ஆண்டுதோறும் அந்தத் தேதியில் பெய்த மழையை அடுக்கி, அவற்றுள் உச்சத்தைக் குறித்துவைப்பது வானிலை ஆய்வாளரின் பழைய வழக்கம். கேகாலை மாவட்டம் அடங்கும் சப்ரகமுவத் தோட்டப்புறத்தில் இத்தகைய நாட்பதிவு எதைக் காட்டுகிறது, எதை மறைக்கிறது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. மழை எந்த நேரத்தில் பெய்தது, அதற்கு முந்திய நாள்களில் எவ்வளவு பெய்தது என்னும் இரண்டும் சேராதவரை, நாளுக்கு இத்தனை மில்லிமீற்றர் என்ற எண் இங்கே உயிரையும் காக்காது, உழைப்பையும் கணிக்காது என்பது என் முடிவு.

2. நாள் எங்கே தொடங்குகிறது

நாட்காட்டியின் நாள் நள்ளிரவில் மாறுகிறது. மழைமானியின் நாள் காலை 8.30க்கு மாறுகிறது. அந்த நேரத்தில் அளக்கப்படுவது முந்திய 24 மணி நேரத்து மழை. தமிழ்நாட்டின் காயல்பட்டினத்தில் 2023 டிசம்பர் 18ஆம் தேதி காலை பதிவான 946 மி.மீ. இதற்கு நல்ல சான்று. அந்த மழையில் பெரும்பகுதி 17ஆம் தேதி பெய்தது. பதிவேட்டிலோ 18ஆம் தேதிக்கு உரியதாக நிற்கிறது. தேதிவாரியாக உச்சம் தேடுபவர் இதைக் கவனிக்காவிட்டால் தவறான நாளுக்கு வெள்ளத்தை ஏற்றிவிடுவார்.

தோட்டத்தில் இது இன்னும் சிக்கலாகிறது. தோட்டத்தின் நாள் விடிந்ததும், வேலைக்கு ஆள் பெயரெடுக்கும் பிரட்டுக்களத்தில் தொடங்கிவிடுகிறது. விடியுமுன் பிடித்து பிற்பகலில் விடும் மழை, சரிவில் நிற்கும் லயத்துக்கு, தொழிலாளரின் வரிசை வீடுகளுக்கு, ஒரே மழை. ஏட்டில் அது இரண்டு நாள்களுக்குப் பங்கிடப்பட்டு, இரண்டு சாதாரண மழை நாள்களாகத் தோன்றும். அபாயம் இருந்ததற்கான சுவடே ஏட்டில் இராது.

3. டிசம்பர் உச்சங்கள் யாருடையவை

இலங்கையில் 24 மணி நேரத்தில் அளக்கப்பட்ட மிகப் பெரிய மழைகளில் முதலாவதாகச் சொல்லப்படுவது வன்னியின் நெடுங்கேணியில், 1897 டிசம்பர் 15–16இல் பெய்தது. 31 அங்குலத்துக்கு மேல், அதாவது ஏறத்தாழ 800 மி.மீ. வறண்ட வலயத்து ஊர் ஒன்று தன் ஓராண்டு மழையில் பாதியளவை ஒரே நாளில் வாங்கியது. காயல்பட்டினத்தின் கணக்கு இதையும் மிஞ்சியது; அங்கே ஓராண்டு முழுவதும் பெய்வதைவிட அதிகமாக அந்த ஒரு நாளில் கொட்டியது.

ஆண்டு முழுதையும் கூட்டிப் பார்த்தால் வரிசை தலைகீழாகும். கொழும்பில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,400 மி.மீ. பெய்கிறது. அங்கிருந்து களனிப் பள்ளத்தாக்கு வழியே அவிசாவளை, யட்டியாந்தோட்டை, கித்துல்கல, கினிகத்தேனை என்று ஏற ஏற மழை பெருகி, வட்டவளையில் 5,000 மி.மீ.ஐத் தாண்டுகிறது. தென்மேல் காற்று மலைமுகத்தில் மோதி மேலெழுந்து குளிர்வதால் வரும் மழை இது. நாள் தவறாமல் பெய்து கூட்டுத்தொகையை ஏற்றும். ஒரே நாளில் உச்சத்தை உடைப்பவை பெரும்பாலும் தாழமுக்கங்களும் சூறாவளிகளும். அவற்றுக்கு மலை கட்டாயமில்லை; மலை இருந்தால் இன்னும் கொட்டும். உலகிலேயே 24 மணி நேர உச்சமான 1,825 மி.மீ.கூட, 1966 ஜனவரியில் ஒரு சூறாவளி ரீயூனியன் தீவில் பொழிந்ததுதான்.

வடகீழ்க் காற்று வீசும்போது மத்திய மலைநாடு குறுக்கே நிற்பதால் கேகாலைப் பக்கம் காற்றுமறைவாகிவிடுகிறது. ஆகவே யட்டியாந்தோட்டையின் டிசம்பரில் காலை வெளுத்திருக்கும், பிற்பகலில் இடியுடன் மழை வரும். ஜனவரி, பெப்ரவரியில் அதுவும் குறையும். தேதிவாரி உச்சப் பட்டியல் ஒன்றில் இந்த மூன்று மாதங்களும் அடக்கமாகவே இருக்கும். அந்த அடக்கத்தை நம்பிப் பாதுகாப்பைத் தளர்த்துவதில் எனக்கு உடன்பாடில்லை. நவம்பர் முடிய நனைந்த மண் டிசம்பரிலும் கனமாகத்தான் இருக்கிறது.

4. மே 17

சப்ரகமுவ மக்களின் நினைவில் ஒரு தேதி இரண்டு முறை எழுதப்பட்டிருக்கிறது. 2003 மே 17இல் இரத்தினபுரி, காலி, மாத்தறைப் பகுதிகளில் வெள்ளமும் மண்சரிவும் இருநூறுக்கும் மேற்பட்டோரைக் கொன்றன. 2016இல் அதே மே 17இல் கேகாலை மாவட்டத்து அரநாயக்கவின் சாமசர மலை சரிந்து கிராமங்களை மூடியது. இறந்தவர்களும் காணாமற்போனவர்களுமாக நூறுக்கு மேல். அன்றே யட்டியாந்தோட்டைக்கு அண்டையிலுள்ள புளத்கொஹுபிட்டியவில், களுபஹன தோட்டத்து லயத்தின் மேல் மண் இறங்கியது. தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் அதற்குள் போயின.

இந்த ஒற்றுமையை எப்படிப் படிப்பது? காலநிலை மாறாதிருந்தால், நூறாண்டுப் பதிவுள்ள ஓரிடத்தில் நூறாவது ஆண்டில், ஆண்டின் 365 தேதிகளில் மூன்று நான்கு தேதிகளின் உச்சங்கள் தற்செயலாகவே உடையும் என்கிறது எளிய நிகழ்தகவு. ஆகவே தேதி பொருந்தியதில் பொருளில்லை. வாரம் பொருந்தியதில்தான் பொருள் இருக்கிறது. மே நடுவில் தென்மேல் பருவம் தொடங்கும் தறுவாயில் வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் உருவானால், அது இந்து சமுத்திரத்து ஈரக்காற்றை இலங்கையின் மேற்குச் சரிவு மீது இழுக்கும். 2003இல் ஒரு சூறாவளி விரிகுடாவில் நாள்கணக்கில் நின்றது. 2016இல் இருந்த தாழமுக்கம் பின்னர் ரோனு சூறாவளியாயிற்று.

அந்த 2016 மழையில் பெரிய ஒருநாள் அளவு பெற்ற இடங்களுள் ஒன்று கிளிநொச்சி: 370 மி.மீ.க்கு மேல். அங்கே வெள்ளம் வந்தது. சரிய மலை இல்லை. அரநாயக்கவில் 400 மி.மீ.க்கு மேற்பட்ட மழை சில நாள்களில் பரவிப் பெய்தது. மண்துளைகளில் நீர் நிரம்பி, அழுத்தம் ஏறி, மண் பாறையைப் பற்றும் பிடி தளர்ந்து, பின்னர் சரிந்தது. ஒரு நாள் உச்சத்தை மட்டும் தேடுகிற பட்டியலில் கிளிநொச்சி மேலே நிற்கும், அரநாயக்க கீழே போய்விடும். நாட்பதிவு முறையின் குறை இதைவிடத் தெளிவாக வெளிப்பட வேண்டியதில்லை.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கைப் படிகள் எளியவை. 24 மணி நேரத்தில் 75 மி.மீ. தாண்டினால் விழிப்பு, 100 தாண்டினால் எச்சரிக்கை, 150 தாண்டினால், அல்லது ஒரே மணி நேரத்தில் 75 பெய்தால், வெளியேற்றம். கடைசிப் படியில் மணிக்கணக்கு வந்திருப்பது கவனிக்கத்தக்கது. காலையில் ஒருமுறை அளக்கும் முறை அதை ஒருபோதும் காட்டாது.

5. வெட்டு நாள்

உயிருக்கு அடுத்தது பிழைப்பு. இறப்பர் மரத்தில் பால் நன்றாக இறங்குவது விடியற்காலையில்; பட்டையின் குழாய்களில் அழுத்தம் அப்போது அதிகம். வெயிலேற ஏற அது குறைகிறது. அதனால் பால்வெட்டு அதிகாலையில் நடந்து, முற்பகலுக்குள் பால் வாளிக்கு வந்துவிடும். விடியுமுன் ஐந்து மி.மீ. பெய்தாலும் பட்டை நனைந்து, பால் வெட்டுத்தடத்தை விட்டு வழிந்து வீணாகும். ஈரப்பட்டையில் வெட்டினால் பட்டையழுகல் நோயும் தொற்றும். அன்று வெட்டு இல்லை. அதே ஐந்து மி.மீ., ஏன் ஐம்பது மி.மீ.கூட, பிற்பகல் மூன்று மணிக்குப் பெய்தால் வெட்டுக்கு ஒரு குறையும் இல்லை.

டிசம்பரின் மதிப்பு இங்கே தெரிகிறது. மொத்த மழையில் ஜூனை நெருங்கினாலும், காலை வெளுத்திருக்கும் ஒரு டிசம்பர் வாரம் முழு வெட்டு வாரம். ஜூனிலோ சாரல் இரவெல்லாம் தூறி விடியலைத் தின்றுவிடும். மரத்தில் மழைக்காப்பு கட்டிய தோட்டங்களில் இழப்பு குறையும். கட்டாத இடத்தில் முழுச் சுமையும் வெட்டுபவர் தலையில் விழும். பெப்ரவரியை ஒட்டிப் பழைய இலை கொட்டிப் புதுத்துளிர் விடும்போது, வானம் எவ்வளவு தெளிவாயிருந்தாலும் பால் குறைந்துவிடும். அந்தக் குறைவுக்கு மழைப் பதிவேட்டில் காரணம் கிடைக்காது.

6. பதிவேட்டைத் திருத்துவது

தோட்டங்கள் வெள்ளைக்காரர் காலத்திலிருந்தே மழையளந்து வருபவை. ஆபீஸ் அருகே மழைமானி, காலையில் ஓர் அளவு, அங்குலக் கணக்கில் ஒரு வரி என்பது பழைய முறை. அந்த ஏடுகள் கறையானுக்குப் போகுமுன் திரட்டப்பட்டு எண்ணிமமாக்கப்பட வேண்டும். இந்தச் சரிவுகளின் நீண்ட வரலாற்றை இத்தனை நெருக்கமான இடைவெளிகளில் எழுதிவைத்தவை அவை.

இனி எழுதப்படும் ஏட்டுக்கு நான் கேட்பது மூன்று பத்தி. பிரட்டுக்கு முன் ஓர் அளவு, மாலையில் ஓர் அளவு, முந்திய மூன்று நாள்களின் கூட்டுத்தொகை. முதல் அளவு அன்றைய வெட்டைச் சொல்லும். மூன்றாவது சரிவின் நிலையைச் சொல்லும். கனமழை இரவுகளில் மணிக்கொருமுறை அளப்பதற்கு ஆபீஸ் மழைமானி பயன்படாது. அது லயத்திலிருந்து தொலைவில், பூட்டிய கேட்டுக்கு அப்பால் இருக்கும். மண்சரிவு அபாயமுள்ள ஒவ்வொரு லயத்திலும் ஒரு மழைமானி வேண்டும். அதைப் படிக்கத் தெரிந்த இருவர் அங்கேயே குடியிருப்பவர்களாயிருக்க வேண்டும். அந்த இரவு வேலைக்குத் தோட்டம் கூலி கொடுக்க வேண்டும். 75, 100, 150 என்ற கோடுகள் தமிழிலும் சிங்களத்திலும் குழாயின் மேலேயே வரையப்பட்டிருக்க வேண்டும்.