சோனாகாச்சியில் ஆணுறை: அறியாமையா, ஆற்றலின்மையா?

பாலியல் தொழிலாளரிடையே ஆணுறைப் பயன்பாடு குறித்த நம் ஆய்வேடுகளில் பெரும்பாலானவை ‘விழிப்புணர்வு’ என்னும் சொல்லில் தொடங்கி அதே சொல்லில் முடிகின்றன. அப்பெண்களுக்குத் தெரியாது, தெரிவித்தால் மாறுவர் என்பதே அவற்றின் உள்ளுறை. கொல்கத்தாவின் சோனாகாச்சி வரலாறு இதற்கு நேர்மாறானதொன்றைச் சொல்கிறது.

அங்கே ‘பொதுச் சுகாதாரம்’ முதலில் நுழைந்தது காவலரின் துணையோடுதான். 1868ஆம் ஆண்டின் தொற்றுநோய்ச் சட்டம், வங்காளிகளின் வாய்மொழியில் ‘சௌத்தோ ஆயின்’, அதாவது பதினான்காம் சட்டம். அது பெண்களைப் பதிவு செய்துகொள்ளவும் கட்டாய உடற்பரிசோதனைக்கு உட்படவும் வற்புறுத்தியது. நோயுற்றவர் பூட்டு மருத்துவமனைகளில் அடைக்கப்பட்டனர். அவர்களிடம் சென்றுவந்த படைவீரருக்கோ பிற ஆண்களுக்கோ அத்தகைய பரிசோதனை எதுவும் இல்லை. பெண்கள் பலர் நகரைவிட்டுப் பிரெஞ்சு ஆளுகையில் இருந்த சந்தன்நகருக்கு ஓடினர். 1888இல் சட்டம் நீக்கப்பட்டது. பரிசோதிக்க வருபவர் மீதான அச்சம் அதனோடு நீங்கியிருக்கும் என்று நான் கருதவில்லை.

1986இல் சென்னையில் மருத்துவர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தனர், அவை பாலியல் தொழிலாளரின் குருதி மாதிரிகளில் கண்டறியப்பட்டவை. நாடெங்கும் பழி அவர்கள்மீதே விழுந்தது. இந்தச் சூழலில்தான், 1992இல், அகில இந்தியச் சுகாதார, பொது நலவாழ்வு நிறுவனத்தைச் சேர்ந்த மருத்துவர் ஸ்மரஜித் ஜானா சோனாகாச்சியில் பணியைத் தொடங்கினார். அவர் செய்த முதன்மையான மாற்றம் எளியது: தொழிலில் இருந்த பெண்களையே சக பயிற்றுநராக அமர்த்தினார்.

அப்போது ஆணுறைப் பயன்பாடு மூன்று விழுக்காட்டிற்கும் குறைவு. காரணம் அறியாமை மட்டுமன்று. ஒருத்தி மறுத்தால் வாடிக்கையாளர் அடுத்த கதவைத் தட்டுவார். வந்தவரைத் திருப்பி அனுப்பினாள் என்று வீட்டை நடத்தும் ‘மால்கின்’ சினப்பாள். கந்துவட்டிக்காரர் அன்றைய தவணைக்கு மாலையில் வந்து நிற்பார். அடியாட்களும் காவலரும் தனி. இத்தனைக்கும் நடுவே நின்று ஒரு பெண் தனியாக ‘மாட்டேன்’ என்று சொல்ல எதன் பலத்தை நம்புவாள்? எல்லாப் பெண்களும் சேர்ந்து மறுத்தால் மட்டுமே வாடிக்கையாளருக்கு அடுத்த கதவு இல்லாமற்போகும்.

ஆகவே 1995இல் ‘துர்பார் மகிளா சமன்வய கமிட்டி’ உருவானதையும் அதே ஆண்டில் ‘உஷா’ கூட்டுறவுச் சங்கம் எழுந்ததையும் நோய்த்தடுப்பு வரலாற்றின் பக்கக் குறிப்புகளாகக் கொள்வது பிழை. சங்கத்தைப் பதிவு செய்வதற்கு நல்லொழுக்க விதி குறுக்கே நின்றது. ‘இல்லத்தரசிகள்’ என்று எழுதிக்கொடுங்கள் என அதிகாரிகள் வழிகாட்டினர். பெண்கள் மறுத்தனர், இறுதியில் மாறியது விதிதான். சங்கம் கடன் கொடுக்கத் தொடங்கியபின், வட்டிக்காரருக்காக அன்றைய வாடிக்கையாளர் எவரையும் ஏற்றே ஆகவேண்டிய நெருக்கடி தளர்ந்தது. 1990களின் இறுதியில் ஆணுறைப் பயன்பாடு எண்பது விழுக்காட்டை ஒட்டியது. மும்பையில் பாலியல் தொழிலாளரிடையே தொற்று ஐம்பது விழுக்காட்டைத் தாண்டிய அதே காலத்தில், சோனாகாச்சியில் அது பத்து விழுக்காட்டையும் எட்டவில்லை. 1999இல் திட்டத்தின் நிர்வாகமே துர்பாரின் கைக்கு வந்தது.

சோனாகாச்சி ஒரு விதிவிலக்கு என்பாரும் உண்டு. இம்முறையை வேறொரு சிறு நகரில் செயற்படுத்தி, ஒப்பீட்டுக்கு மற்றொன்றை எடுத்துக்கொண்ட ஆய்வொன்று 2004இல் வெளியாயிற்று. முதல் ஊரில் ஆணுறைப் பயன்பாட்டின் உயர்வு 39 விழுக்காடு, மற்றதில் 11.

சட்டம் வெகு மெதுவாகவே பின்தொடர்ந்தது. சோதனையின்போது பையிலிருந்து எடுக்கப்படும் ஆணுறை குற்றச் சான்றாகுமெனில், அதை வைத்திருப்பதே ஆபத்து. 1999இல் கொல்கத்தாவில் ஒரு பாலியல் தொழிலாளி கொலையுண்ட வழக்கிலிருந்து கிளைத்த விசாரணையில், 2022 மே 19 அன்றுதான் உச்ச நீதிமன்றம் ஆணுறையைக் குற்றச் சான்றாகக் கொள்ளலாகாது என்னும் பரிந்துரையை நடைமுறைப்படுத்த ஆணையிட்டது. ஜானா அதைக் காணவில்லை; முந்தைய ஆண்டு மே மாதத்தில் கொரோனாவுக்கு இரையானார்.

சங்கத்தின் வலிமை எட்டாத இடம் ஒன்று உண்டு: ‘பாபு’ எனப்படும் நிலைத்த துணைவர். வாடிக்கையாளரிடம் உறுதியாக நிற்கும் பெண்ணும் அவரிடம் ஆணுறையை வற்புறுத்துவதில்லை. அங்கே அது நம்பிக்கையின்மையின் அடையாளமாகிவிடுகிறது. மணவாழ்விலுள்ள பெண்களின் நிலையும் இதிலிருந்து வெகுதொலைவில் இல்லை. அதைப் பற்றி எழுதப்பட்ட ஆய்வேடுகள்தான் குறைவு.