ஒட்டுத்துணிப் போர்வையும் ஓர் ஊரின் கடன் கணக்கும்



உங்கள் பீரோவின் அடித்தட்டைக் கொஞ்சம் திறந்து பாருங்கள். முட்டி தேய்ந்த ஒரு ஜீன்ஸ், காலர் கிழிந்த இரண்டு சட்டை, சாயம் போன ஒரு நைட்டி கட்டாயம் இருக்கும். உடுத்தவும் முடியாது, தூக்கிப் போடவும் மனம் வராது. இப்படிப்பட்ட துணிகளை வைத்தே உலகப் புகழ் பெற்ற ஓர் ஊர் அமெரிக்காவில் இருக்கிறது. அதன் கதையைத்தான் இந்த இதழில் உங்களுக்குச் சொல்லப் போகிறேன். வங்கியில் பல ஆண்டுகள் பேரேடு பார்த்தவன் என்பதால், அந்த ஊரின் வரலாற்றைப் படித்தபோது என் கண்ணில் முதலில் பட்டது தையல் அல்ல, கடன்.

முதலில் குவில்ட் என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். அது மூன்று அடுக்குப் போர்வை. மேலே, துண்டுத் துணிகளை இணைத்துத் தைத்த முகப்பு. நடுவில் பஞ்சு. அடியில் ஒரு முரட்டுத் துணி. இந்த மூன்றும் நகராதபடி நெடுக ஓட்டுத் தையல் போடுவார்கள். முகப்பைப் பெரும்பாலும் ஒரு பெண் தன் வீட்டில் தனியாகத் தைப்பாள். மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டி ஓட்டுத் தையல் போடும்போது அக்கம்பக்கத்துப் பெண்கள் சுற்றி உட்கார்ந்துகொள்வார்கள். பாட்டும் பிரார்த்தனையும் ஊர்க்கதையும் அங்கேதான் நடக்கும்.

நான் சொல்லும் ஊரின் பெயர் ஜீஸ் பெண்ட். அலபாமா மாநிலத்தில் வில்காக்ஸ் கவுண்டியில் இருக்கிறது. அலபாமா ஆறு வளைந்து ஊரை மூன்று பக்கமும் சூழ்ந்துகொள்வதால் ஏறக்குறைய ஒரு தீவு மாதிரிதான். 1816இல் ஜோசப் ஜீ என்பவர் அடிமைகளுடன் வந்து அங்கே பருத்தித் தோட்டம் போட்டார். ஊருக்கு அவர் பெயர் நிலைத்தது.

கணக்கில் முதல் பதிவு 1845இல் வருகிறது. ஜீ குடும்பத்து வாரிசுகள் தங்கள் உறவினரான மார்க் பெட்வேக்கு 29,000 டாலர் கடன்பட்டிருந்தார்கள். அதை அடைக்கத் தோட்டத்தை எழுதிக் கொடுத்தார்கள். நிலத்தோடு அடிமைகளும் ஆஸ்திப் பட்டியலில் கைமாறினார்கள். அடுத்த ஆண்டு பெட்வே வட கரோலினாவிலிருந்து தன் சொந்த அடிமைகள் சுமார் நூறு பேரையும் அழைத்து வந்தார். சாமான்கள் வண்டியில் வந்தன. அவர்கள் நடந்து வந்தார்கள். இன்றும் அந்த ஊரில் பலருக்குப் பெட்வே என்பதே குடும்பப் பெயர். உறவு முறையால் வந்த பெயர் அல்ல, உடைமைப் பதிவால் வந்த பெயர்.

அடிமை முறை ஒழிந்த பிறகும் அவர்கள் அங்கேயே வாரத்துக்குப் பயிரிட்டார்கள். விதை, உரம், தானியம் எல்லாம் ஆற்றுக்கு அக்கரையில் உள்ள கேம்டன் ஊர் வியாபாரியிடம் கடனுக்கு வாங்கி, அறுவடையில் கழிப்பது வழக்கம். 1920களில் பருத்தி விலை சரியச் சரியக் கடன் ஏறிக்கொண்டே போனது. வியாபாரி இறந்துபோக, 1932இல் அவர் மனைவி பாக்கி முழுவதையும் ஒரேயடியாக வசூலிக்க ஆள் அனுப்பினார். அறுபதுக்கும் மேற்பட்ட குடும்பங்களிலிருந்து கோவேறு கழுதை, மாடு, கோழி, கலப்பை, சேர்த்து வைத்த சோளம் எல்லாம் போயின. ஜப்தி என்ற சொல்லை நம்மில் பலர் நோட்டீஸில்தான் பார்த்திருப்போம். உழவுக் கருவியையும் குளிர்காலத்துச் சாப்பாட்டையும் அள்ளிக்கொண்டு போனால் அசலும் தேறாது, ஆளும் தேறமாட்டான். செஞ்சிலுவைச் சங்கம் அனுப்பிய உணவால் பலர் அந்தக் குளிர்காலத்தைக் கடந்தார்கள்.

போர்வையின் அருமை இங்கேதான் புரியும். இடுக்கு விட்ட மரக்கட்டைக் குடிசைகள். சுவரில் பழைய செய்தித்தாளை ஒட்டிக் காற்றைத் தடுத்தார்கள். கடையில் கம்பளி வாங்கப் பணமில்லை. கிழிந்த வேலைச் சட்டை, முழங்கால் தேய்ந்த டெனிம், மாவு மூட்டை, உர மூட்டை எல்லாம் துண்டாகிப் போர்வையாயின. பருத்தி அரவைக் கொட்டிலில் கூட்டிப் பெருக்கிய பஞ்சைக் கொண்டுவந்து குச்சியால் அடித்து உள்ளே நிரப்பினார்கள். இருக்கும் துணிக்கு ஏற்றபடிதான் வடிவம். பட்டை பட்டையாக வைத்துத் தைத்தால் அதற்கு ‘சோம்பேறிப் பெண்’ என்று கேலிப் பெயர். நடுவில் ஒரு சதுரம் வைத்துச் சுற்றிச் சுற்றிப் பட்டை சேர்த்தால் ‘வீட்டுக்கூரை’. அளவுகோல் கிடையாது, கண் அளவுதான். கோடு கொஞ்சம் சாயும், நிறம் திடீரென்று மாறும். அதுவே பின்னாளில் அவற்றின் அழகு என்று பேசப்பட்டது.

1942இல் மிசூரி பெட்வே என்ற பெண்மணியின் கணவர் இறந்துபோனார். அவருடைய வேலை உடுப்புகளை எடுத்து, மகள் ஆர்லான்சியாவையும் துணைக்கு வைத்துக்கொண்டு, ஒரு போர்வை தைத்தார். அவர் நினைவாக இருக்க வேண்டும், அதைப் போர்த்திக்கொண்டு தூங்க வேண்டும் என்பதுதான் நோக்கம். வெளுத்த நீலத்தில் முட்டி இருந்த இடம் இன்னும் அடையாளம் தெரிகிறது. காட்சிக்காகத் தைத்ததல்ல அது.

கணக்கில் முதல் நல்ல வரவு அதற்குச் சில ஆண்டுகள் முன்பே தொடங்கியிருந்தது. ஜப்தியால் ஊர் பட்ட துயரம் வாஷிங்டன் வரை எட்டியது. 1937இல் அரசு அனுப்பிய ஆர்தர் ராத்ஸ்டீன் எடுத்த புகைப்படங்களில், ஜோரீனா பெட்வே என்ற பெண் போர்வை தைக்கும் படமும் உண்டு. அரசு அந்த நிலத்தை வாங்கியது. புதிய வீடுகள் கட்டியது. பள்ளிக்கூடம், அரவைக் கொட்டில் அமைத்தது. பிறகு 1940களில் நிலத்தையும் வீட்டையும் குறைந்த வட்டிக் கடனில் அந்தக் குடும்பங்களுக்கே விற்றது.

ஒரே ஊர், இரண்டு கடன். ஒன்று ஆளையே கைமாற்றியது, மற்றொன்று ஆளை நிலத்துக்குச் சொந்தக்காரர் ஆக்கியது. இதன் பலன் இருபது ஆண்டு கழித்துத் தெரிந்தது. 1960களில் கறுப்பின மக்கள் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கப் போனபோது, சுற்று வட்டாரத்தில் பலரை நில உடைமையாளர்கள் வெளியேற்றினார்கள். ஜீஸ் பெண்டில் சொந்த நிலம் வைத்திருந்தவர்களை யாரும் அப்படி வெளியேற்ற முடியவில்லை. வேறு விதமாகத் தண்டித்தார்கள். பெயர் பதிவு செய்யக் கேம்டனுக்குத்தான் போக வேண்டும். 1962இல் படகுப் போக்குவரத்தே நிறுத்தப்பட்டது. சில நிமிடத்தில் கடக்கும் ஆற்றைச் சாலை வழியாகச் சுற்றிக்கொண்டு போக ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். ஆனாலும் போனார்கள். 1965 பிப்ரவரியில் மார்ட்டின் லூதர் கிங் அந்த ஊருக்கே வந்து பேசினார்.

அந்த ஆண்டுக் கடைசியில் ஃபிரான்சிஸ் வால்டர் என்ற பாதிரியார், அந்த வட்டாரத்தில் ஒரு வீட்டுக் கொடியில் உலர்ந்துகொண்டிருந்த போர்வைகளைப் பார்த்தார். ஒன்று பத்து டாலர் என்று வாங்கி நியூயார்க்கில் ஏலம் விட்டார். 1966இல் பெண்கள் சேர்ந்து ‘ஃப்ரீடம் குவில்ட்டிங் பீ’ என்ற கூட்டுறவு சங்கத்தைத் தொடங்கினார்கள். பல குடும்பங்களில் பெண்கள் கையில் சம்பளம் வந்தது. சங்கம் நிலம் வாங்கி, வாக்குரிமைக்காக வெளியேற்றப்பட்ட சில குடும்பங்களுக்கு மனையும் கொடுத்தது. 1972இல் சியர்ஸ் நிறுவனம் கார்டுராய் தலையணை உறைகளுக்கு ஆர்டர் தந்தது. கடைக்காரருக்கு நூறு உறையும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். கண் அளவில் தைத்துப் பழகிய கைகளுக்கு அது கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் மிச்சத் துண்டுகள் வீட்டுக்கு வந்தன. அந்தக் கார்டுராய்த் துண்டுகளில் தங்கள் இஷ்டப்படி தைத்தவை ஊரின் சிறந்த போர்வைகளில் சேரும்.

1990களின் இறுதியில் வில்லியம் ஆர்னெட் என்ற சேகரிப்பாளர் ஒரு புகைப்படத்தில், விறகுக் குவியல் மேல் கிடந்த ஆனி மே யங் என்பவரின் போர்வையைப் பார்த்துத் தேடி வந்தார். பழைய போர்வைகளைக் கொசு விரட்ட எரித்துக்கொண்டிருந்த காலம் அது. அவர் நூற்றுக்கணக்கில் வாங்கினார். 2002இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்திலும், பிறகு நியூயார்க் விட்னி அருங்காட்சியகத்திலும் அவை சுவரில் தொங்கின. விமர்சகர்கள் நவீன ஓவிய மேதைகளோடு ஒப்பிட்டார்கள். 2006இல் அமெரிக்க அஞ்சல் துறை பத்து வடிவங்களில் தபால்தலை வெளியிட்டது. 44 ஆண்டுகளுக்குப் பிறகு படகு மீண்டும் ஓடத் தொடங்கியதும் அதே ஆண்டில்தான்.

புகழ் வந்ததும் பழைய கேள்வி திரும்பி வந்தது: வரவு யார் கணக்கில்? போர்வையின் வடிவங்கள் கம்பளங்களிலும் வீட்டுப் பொருள்களிலும் அச்சாகி விற்றன. தங்களுக்கு உரிய பங்கு வரவில்லை என்று ஆனி மே யங் உள்பட மூன்று பெண்கள் 2007இல் ஆர்னெட் குடும்பத்தார் மீது வழக்குத் தொடுத்தார்கள். எதிர்த்தரப்பு மறுத்தது. 2008இல் வழக்கு சமரசத்தில் முடிந்தது. ஒன்று நிச்சயம்: ஒரு போர்வையை விற்பதும் அதன் வடிவத்தை விற்பதும் வெவ்வேறு கணக்கு என்று அன்று எல்லாருக்கும் புரிந்தது. 2021இல் ஊர்ப் பெண்கள் எட்ஸி இணைய அங்காடியில் தங்கள் பெயரிலேயே கடை திறந்தார்கள். 2022 முதல் ஆண்டுதோறும் போர்வைகளைக் கொடிகளில் தொங்கவிட்டு விழா நடத்துகிறார்கள். பார்க்க வருபவர் தைத்தவரிடமே பேசி வாங்கலாம்.

இனி உங்கள் பீரோவுக்கு வருவோம். எல்லாரும் தைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எனக்கே ஊசியில் நூல் கோக்கக் கண்ணாடி வேண்டும். ஆனால் அடுத்த முறை கையால் தைத்த பொருளை யாராவது உங்கள் வாசலில் விலை சொல்லும்போது, பேரம் பேசும் முன் அதைப் புரட்டித் தையலை ஒரு நிமிடம் பாருங்கள். எத்தனை மணி நேரம் என்று மனசுக்குள் கணக்குப் போடுங்கள். அவர் கேட்ட விலை பெரும்பாலும் குறைவாகத்தான் இருக்கும்.