களைப்பும் முகக்களையும்

முகத்தில் களை போய்விடுவதால்தான் அந்த நிலைக்குக் களைப்பு என்று பெயர் வந்தது என ஒரு விளக்கம் ஊரெல்லாம் உலவுகிறது. கேட்க இனிமையாக இருப்பதாலேயே அதை யாரும் உரைத்துப் பார்ப்பதில்லை. அலுப்பு, சலிப்பு, இளைப்பு, வியப்பு ஆகியவற்றில் நிற்கும் ‘ப்பு’ தொழிற்பெயர் ஈறு. இல்லாமையைக் குறிக்கும் ஆற்றல் அதற்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. அழகைக் குறிக்கும் களையிலிருந்து வினை பிறந்திருந்தால் ‘களைத்தான்’ என்பதற்குப் பொலிந்தான் என்றல்லவா பொருள் வரவேண்டும்? மேலும், முகக்களையில் உள்ள களை வடமொழிக் ‘கலா’வின் வழியில் வந்தது. மங்கலம் மங்களமும் ஆனதுபோல, நிலாவின் கூறாகிய கலையும் முகத்தின் ஒளியாகிய களையும் ஒரே சொல்லின் இரு வடிவங்கள். கன்னடத்தார் ‘களெ’ என்றும் தெலுங்கர் ‘கள’ என்றும் முகப்பொலிவைச் சொல்வதும் இதுவே. கல்யாண வீடு களைகட்டுவதும் இந்தக் களையால்தான். உழைத்து ஓய்ந்தவனின் களைப்புக்கும் இதற்கும் ஓசை ஒன்றைத் தவிர உறவே இல்லை. அந்தச் சொல் முதலில் முகத்துக்கு உரியதும் அன்று. கால் களைக்கிறது, கை களைக்கிறது, ஏரில் பூட்டிய மாடு களைக்கிறது. அங்கெல்லாம் எந்த ஒளி மங்கியது? உடம்பின் தளர்ச்சி கடைசியாக வந்து தெரியும் இடம் முகம், அவ்வளவே.

இன்னொரு சாரார் வயலுக்குப் போகிறார்கள். நாள் முழுதும் குனிந்து களை எடுத்த அசதியே களைப்பு என்பது அவர்கள் கட்சி. நாற்று நட்டவர்க்கும் கதிர் அறுத்தவர்க்கும் அதே இடுப்புவலிதான். அவற்றிலிருந்து ஏன் ஒரு சொல் பிறக்கவில்லை? ஆனாலும் இவர்கள் முதல் சாராரைவிட உண்மைக்கு அருகில் நிற்கிறார்கள் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். வேர் அந்த வயலில்தான் இருக்கிறது. இவர்கள் அதைத் தவறான பக்கத்தில் தோண்டுகிறார்கள்.

அந்த வேர் ‘கள்’. கேள் என்பது கேட்ட என்று ஆவதுபோலக் கள் என்பது கட்ட என்று ஆகும். கொடியவரை அரசன் ஒறுப்பதைப் பயிருக்குக் களை நீக்குவதோடு ஒப்பிடும் 550ஆம் குறளில் வள்ளுவர் ஆளும் ‘களைகட்டது’ இந்த வினையே. களைந்தது என்றுதான் அதற்குப் பொருள். திருவிழா களைகட்டுவதை இதனோடு முடிச்சுப் போடுவோர் அந்தக் குறளை மறுபடி படிப்பது நல்லது. அதே நூலின் 788ஆம் குறளில் நட்பு இடுக்கணைக் களைகிறது. 879இல் முள்மரத்தைக் களைகிறார்கள். திருவாய்மொழியில் வரும் களைகண் துன்பத்தை அகற்றும் பற்றுக்கோடு. களவும் கள்வனும் இதே ஓசையில் கிளைத்த சொற்கள். உடையவனிடமிருந்து பொருளை அகற்றுவதுதானே திருட்டு? மலையாளத்தில் ‘களயுக’ என்றால் எறிந்துவிடுதல். கன்னடக் கணக்கில் கூட்டலுக்கு எதிரான கழித்தலைக் ‘களெ’ என்னும் வினையால் சொல்கிறார்கள். எல்லாவற்றிலும் இருந்த ஒன்று எடுபடுகிறது. உடம்பிலிருந்து வலு எடுபடுவதே களை; அது நேர்ந்த நிலை களைப்பு.

இலக்கணம் அறிந்தவர்கள் இங்கே ஒரு தடை எழுப்புவார்கள், அது வலுவான தடை. நனைந்தது, நனைத்தான், கலைந்தது, கலைத்தான் என்று மெல்லினம் பெற்றது தன்வினையாகவும் வல்லினம் பெற்றது பிறவினையாகவும் வருவதே தமிழின் வழக்கு. களைந்தான், களைத்தான் என்பவற்றில் இது தலைகீழாக இருக்கிறது. பயிரிலிருந்து களையை நீக்கியவன் களைந்தான். தானே சோர்ந்தவன் களைத்தான். ஆகவே இரண்டும் வேறு வேர்கள் என்பார்கள். களைத்தல் நேரே வினைவேரிலிருந்து வந்தது என்று கொண்டால்தான் இந்தத் தடை நிற்கும். நரை தோன்றியது நரைத்தது, திரை விழுந்தது திரைத்தது, நுரை எழுந்தது நுரைத்தது. பெயர்ச்சொல் வினையாகும்போது செய்வோன் இல்லாமலே வல்லினம் பெறுகிறது. களைத்ததும் இந்த வரிசையில் வந்ததே. முதலில் அயர்வைக் குறிக்கும் களை என்ற பெயர் இருந்தது. களையாறுதல் என்ற பழைய கூட்டுச்சொல்லில் அது இன்றும் உயிரோடு நிற்கிறது, இளைப்பாறுதலில் இளைப்பு நிற்பதுபோல. அந்தப் பெயரின் மேல்தான் களைத்தல் கட்டப்பட்டது. பறிக்கப்படும் செடியும் களை, பறிபோன வலுவின் நிலையும் களை. இரண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்; ஒன்றை மற்றொன்றின் தாயாக்கியதுதான் வயல்காரர் கட்சி செய்த பிழை.

சங்கப் பாடல்கள் அயர்வையும் அசைவையும் தளர்வையும்தானே மிகுதியாகச் சொல்கின்றன என்று கேட்கலாம். அந்தப் பழஞ்சொற்களின் குடும்ப வழக்கே எனக்குத் துணை. சோர்தல் முதலில் நழுவுதலும் ஒழுகுதலும். கூந்தல் சோர்ந்தது, கண்ணீர் சோர்ந்தது, பிறகுதான் மனிதர் சோர்ந்தார்கள். தளர்தல், கட்டு நெகிழ்வது. வாடுதல், ஈரம் போவது. ஓய்தல், ஆய்தல், நிழத்தல், சாய் ஆகிய நான்கையும் தொல்காப்பிய உரியியல் ஒரே நூற்பாவில் சேர்த்து, உள்ளது குறைந்து நுணுகும் பொருளுக்கு உரியனவாகச் சொல்கிறது. அயர்ச்சியை ஒரு புதிய பாரம் வந்து ஏறுவதாகத் தமிழன் எண்ணவில்லை. உடம்பில் இருந்தது கழிவதாகவே எண்ணிச் சொல் படைத்தான். அந்த எண்ணத்தின் வழியே வந்த சொல்தான் களைப்பும் என்பது என் முடிபு. கலாவின் ஒளிக்கு அதில் பங்கில்லை.