'த சிம்ஸ்': கைவிடப்பட்ட முன்மாதிரிகள்

'த சிம்ஸ்' 2000 பிப்ரவரி 4 அன்று வெளியான வாழ்க்கைப் பாவனை விளையாட்டு. அமெரிக்காவின் மேக்சிஸ் நிறுவனத்தில் வில் ரைட் இதை உருவாக்கினார். சமைப்பது, குளிப்பது, வேலைக்குப் போவது, பக்கத்து வீட்டாரோடு பேசுவது எல்லாமே இதில் விளையாட்டுதான். ஆனால் தொடக்கத்தில் இது வீடு கட்டும் விளையாட்டாகவே இருந்தது. மனிதர்கள் அதில் துணைப் பாத்திரங்கள்.

1991 அக்டோபரில் கலிஃபோர்னியாவின் ஓக்லண்ட் மலைப்பகுதியில் பரவிய தீயில் 25 பேர் இறந்தார்கள். ரைட்டின் வீடும் எரிந்துபோனது. சாமான்களை மறுபடி வாங்க வேண்டி வந்தபோது, எது உண்மையில் தேவை, எது இல்லாமலும் வாழலாம் என்ற கேள்வி அவருக்குள் எழுந்தது. கட்டடக் கலைஞர் கிறிஸ்டோபர் அலெக்சாண்டரும் சக ஆசிரியர்களும் 1977இல் வெளியிட்ட 'எ பேட்டர்ன் லாங்குவேஜ்' நூலின் பாதிப்பும் அவரிடம் இருந்தது. இப்படிப் பிறந்த எண்ணத்துக்கு 'டால்ஹவுஸ்', அதாவது பொம்மை வீடு, என்று பெயர். ஆட்டக்காரர் வீட்டை வடிவமைப்பார். உள்ளே நடமாடும் குட்டி மனிதர்கள் அது வாழத் தகுந்த வீடா என்று காட்டிக்கொடுப்பார்கள். அவர்களுக்கு வேறு வேலை இல்லை.

1993இல் பொதுமக்களைக் கூட்டி இந்த எண்ணத்தைச் சொல்லிப் பார்த்தபோது ஒருவரும் விரும்பவில்லை. நிறுவன இயக்குநர்களுக்கும் பிடிக்கவில்லை. பொம்மை வீடு சிறுமிகளுக்கானது, சிறுமிகளோ கணினி விளையாட்டு ஆடுவதில்லை என்பது அவர்கள் கணக்கு. ரைட் விடவில்லை. பெரிய குழு கிடைக்காத அந்த நாட்களில் ஒரேயொரு நிரலாளரை வைத்துக்கொண்டு பின்னணியில் வேலையைத் தொடர்ந்தார். 1996இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக வகுப்பொன்றில் முன்மாதிரியை இயக்கிக் காட்டினார். அங்கே பார்வையாளராக இருந்த டான் ஹாப்கின்ஸ் பின்னர் மேக்சிஸில் சேர்ந்தார். ஒரு பொருளைச் சொடுக்கினால் அதைச் சுற்றி வட்டமாக விரியும் தேர்வுப் பட்டியல் அவருடைய கைவண்ணம்.

வீட்டைவிட அதில் உலவிய மனிதர்களே சுவாரசியமானவர்கள் என்பது முன்மாதிரிகளை ஆடிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. கட்டடக்கலை பின்னுக்குப் போனது. அதன் தடம் மட்டும் அழியவில்லை. பசி, தூக்கம், சுத்தம் உள்ளிட்ட எட்டுத் தேவைகளில் ஒன்றாக 'அறை' வெளியான விளையாட்டில் நின்றது. வெளிச்சம் குறைந்தாலும் குப்பை சேர்ந்தாலும் அந்த அளவுகோல் சரியும். ஆளைக் கொண்டு வீட்டை அளந்த பழைய திட்டத்தின் மிச்சமாகவே அதைப் பார்க்கத் தோன்றுகிறது.

இந்த மனிதர்களை இயக்கும் முறையை ரைட்டின் முந்தைய விளையாட்டான 'சிம்ஆன்ட்' (1991) தந்தது. அதில் எறும்புகள் தரையில் விடப்பட்ட மணத்தைப் பின்பற்றி நடக்கும். எறும்புக் கூட்டத்தின் புத்தி தனி எறும்பின் தலைக்குள் இல்லை, அது நடக்கும் தரையில் இருந்தது. 'த சிம்ஸ்' அதே வழியில், அறிவைப் பொருள்களில் வைத்தது. குளிர்பதனப் பெட்டி தன்னால் பசி தீரும் என்று அறிவித்துக்கொண்டே இருக்கும். நாற்காலி ஓய்வு தருவதாகச் சொல்லும். பசித்த சிம் (விளையாட்டில் உலவும் மனிதர்) எந்த அழைப்பு தனக்கு அதிகம் உதவும் என்று பார்த்து அங்கே போகும். புதிய பொருளைச் சேர்த்தால் மனிதரின் நிரலை மாற்ற வேண்டியதில்லை. பொருளே தன்னைப் பயன்படுத்தும் விதத்தைக் கற்றுக்கொடுத்துவிடும். பின்னாளில் வெளியான இணைப்புத் தொகுப்புகள் அத்தனையும் இந்த ஏற்பாட்டின் மேல்தான் நின்றன.

இந்த முறை அளவுக்கு மீறி வேலை செய்ததும் உண்டு. சோதனைக் கட்டத்தில் சிம்கள் தங்களைத் தாங்களே மிக நன்றாகக் கவனித்துக்கொண்டார்கள். ஆட்டக்காரருக்குச் செய்ய ஏதும் மிஞ்சவில்லை. அதனால் அவர்களின் திறமையை வேண்டுமென்றே குறைத்தார்கள். உண்மையான மொழியில் பேச வைக்கும் எண்ணமும் கைவிடப்பட்டது. ஒரே வாக்கியம் திரும்பத் திரும்பக் கேட்டால் அலுத்துவிடும் என்பதால், நடிகர்கள் அர்த்தமில்லாத ஒலிகளைக் கோத்து 'சிம்லிஷ்' பேச்சைப் பதிவு செய்தார்கள்.

1997இல் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் மேக்சிஸை வாங்கிய பிறகு திட்டத்துக்கு ஆளும் பணமும் கிடைத்தன. 1998இல் சேர்ந்த நிரலாளர் பேட்ரிக் பேரட்டிடம் காலாவதியான வடிவமைப்பு ஆவணம் ஒன்று போய்ச் சேர்ந்தது. ஒரே பாலினத்தவரிடையேயான காதலை விட்டுவிடுவது என்ற முடிவு அதில் இல்லை. அவர் அந்தக் காதலையும் நிரலில் எழுதிவிட்டார். அது அப்படியே நிலைத்தது. 1999இல் நடந்த இ3 கணினி விளையாட்டுக் கண்காட்சியில் திருமணக் காட்சியொன்றைத் திரையிட்டபோது, விருந்தினர்களாக வந்த இரண்டு பெண் சிம்கள் யாரும் கட்டளையிடாமலே முத்தமிட்டுக்கொண்டார்கள். அந்தக் காட்சி விளையாட்டைப் பத்திரிகையாளர்களின் பேச்சாக்கியது.